தட்டில் இருந்த ஆரஞ்சு

ஜனவரி 11

அன்புள்ள சாயக்காரிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். உன் உடம்பும் உன் பட்டறையும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நாலு வரி தாண்டினால் தைரியம் போய்விடும். 'நீலக் கட்டம் போட்ட விரிப்பு வரைந்தேனே, அந்தப் பலகைப் படம் பத்திரமாக இருக்கிறதா?' என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. எங்கள் வீட்டு ஃபியூஸ் பெட்டிக்குக் கதவாகப் பதினோரு வருடமாக இருக்கிறது.

நான் எதுவும் செய்யவில்லை. ஆணியடிக்க வந்த தச்சர் படத்தைப் பார்த்தார், வாய் பிளந்து கிடந்த ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தார். "சார், அளவெடுத்துச் செஞ்ச மாதிரியே இருக்கு" என்றார். அண்ணன் என்ற முறையில் நான் சீறியிருக்க வேண்டும். "அட, ஆமாங்க" என்றேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஓரத்தில் இரண்டு கீல், பின்பக்கம் முழுக்க ஷாக் அடிக்காமலிருக்கக் காக்கி அட்டை, முன்பக்கம் இழுத்துத் திறக்க ஒரு குமிழ்.

குமிழ் எங்கே என்றுதானே கேட்கப்போகிறாய். நடுவில், தட்டில் இருக்கும் ஆரஞ்சுப் பழத்தின் மேல். தச்சருக்கும் ரசனை உண்டு. கடைக்குப் போய் ஆரஞ்சு நிறத்திலேயே உருண்டையான மரக்குமிழ் வாங்கி வந்து, பழம் இருந்த இடத்திலேயே பொருத்தினார். வந்துபோகிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நீ இங்கே வந்த இரண்டு தடவையும் அதன் மேல் காலண்டரைத் தொங்கவிட்டு, 'படத்தைச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன்' என்று சொன்னேன். நாலு வருட இடைவெளியில் இரண்டு தடவையும் சட்டக்கடையிலேயே இருந்ததா என்று நீ கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் என்னை இத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

போனில் சொல்லியிருக்கலாம். நீ 'ம்' என்று மட்டும் சொல்லுவாய். அந்த 'ம்'முக்கு எனக்குப் பயம்.

உன் அண்ணி அன்பு சொல்லச் சொன்னாள். இந்த விஷயத்தில் அவளுக்குச் சம்பந்தமில்லை என்றும் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
குற்றவாளி அண்ணன்

ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்காலும் மற்றவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு முறை கோபப்படுவதற்காக. மூன்றாவது முறை ஒரே ஒரு வரிக்காக. எந்த வரி என்று இப்போது சொல்ல மாட்டேன்.

படம் எதற்கென்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். எனக்குத் தனியாக ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். ஐம்பத்தொரு வயதில் முதல் தடவை. இதுவரை மற்றவர்களின் படங்களோடு வாசல் பக்கம், குடை வைக்கும் இடத்துக்கு மேலே, ஒன்று மாட்டுவார்கள். என்னோடு படித்தவர்கள் 'மேஜைவிரிப்புக்காரி வந்துட்டா' என்பார்கள். இப்போது ஓவியக்கூடம் நடத்தும் அம்மா ஒருவர் பட்டறைக்குப் போர்வை வாங்க வந்தவர், மேஜைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த என் ஜாடிகளையும் பூக்களையும் பார்த்துவிட்டு, போர்வையை மறந்துவிட்டார். ஆகஸ்ட் முதல் வாரம் ஆரம்பம். நீளமான சுவர் ஒன்று, பத்துப் படம். ஒன்பது இருந்தால் சுவரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவாராம். கறாரானவர். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது.

என்னிடம் நன்றாக வந்தவை எட்டு. உன் கதவு ஒன்பது. பத்தாவதை இனிமேல்தான் வரைய வேண்டும். பட்டறையில் பகலெல்லாம் போர்வைக்கு டிசைன் போட்டுவிட்டு வந்து வரைவேன், முடியும்.

குமிழைக் கழற்றிவிட்டு அப்படியே அனுப்பு. துளையை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணிக்கு என் அன்பு. அவருக்குச் சம்பந்தமில்லை என்பதை நம்பிவிட்டேன்.

உன் தங்கை

ஜனவரி 28

அன்புள்ள சாயக்காரிக்கு,

நலம். உன் செய்தியைப் படித்து வீட்டில் ஒரே கூத்து. உன் அண்ணி பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சர்களிடமும் சொல்லிவிட்டாள். நான் வேலை பார்க்கும் பல் டாக்டரிடம் சொன்னேன். அவர், "அப்ப நீங்க செய்ற பல்லுலயும் கொஞ்சம் கலை வருமா?" என்றார். பின்னறையில் இருபத்தெட்டு வருடமாக அவருக்குப் பல் செட் செய்கிறேன். இதுவரை வராதது இனியா வரப்போகிறது?

இனி கெட்ட செய்தி. குமிழைக் கழற்றினேன். திருகாணி போதாதென்று தச்சர் பசையும் போட்டிருக்கிறார். குமிழோடு சாயமும் வட்டமாகப் பெயர்ந்து வந்துவிட்டது. தட்டின் நடுவே இப்போது ஆரஞ்சு அளவுக்கு வெறும் மரம், மரத்தின் நடுவே ஒரு துளை. கூடத்தில் எங்கே போய் உட்கார்ந்தாலும் அது என்னையே பார்க்கிறது.

அங்கே பழம் இருந்த ஞாபகமே தனக்கு இல்லை என்கிறாள் உன் அண்ணி. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீடு முழுக்க அதையே தேடுகிறவள் சாட்சி சொல்ல வருகிறாள். நான் உன் வீட்டில் வந்து தங்கியிருந்த மூன்று நாளில், என் கண் முன்னால் நீ வரைந்த படம். எனக்குத் தெரியாதா? தவிர, ஓர் அங்குலம்கூட சும்மா விடாதவள் நீ. ஜாடியில் பறவை, பறவையின் இறகில் கோடு, சுவரில் பூ, பூவுக்குள் புள்ளி. அப்படிப்பட்டவள் தட்டை மட்டும் சும்மா விடுவாயா?

பொதி கட்டி அனுப்பிவிடட்டுமா? உடனே எழுது.

அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை அதிகம்.

பலகையை அனுப்ப வேண்டாம். நீயே சரி செய். பல்லுக்குச் சாயம் கலக்கிறவன்தானே. அந்த வட்டத்தில் என்ன இருந்ததாக நினைக்கிறாயோ, அதையே வரை.

அண்ணிக்கு அன்பு.

தங்கை

மார்ச் 22

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே சுகம். அங்கே சுகமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

ஆறு வாரம் கழித்து ஏழெட்டு வரி. அதுவும் கோழி கிளறிவிட்டுப் போன எழுத்தில். 'நீயே சரி செய்' என்ற இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எட்டு வயதில் உன் சாயப்பெட்டியைத் தொட்டதற்காக என் முழங்கையைக் கடித்தவள் நீ. தழும்பு இன்னும் இருக்கிறது, நாலு பல், நல்ல வரிசை, தொழில் ரீதியாகவே பாராட்டுகிறேன். உன் வீட்டுக்கு வந்தால் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு திராட்சையைத் தொட முடியாது. "அது வேலையில இருக்கு, கீழ வை" என்பாய். அந்த மூன்று நாளும் பட்டினி கிடந்தேன் என்றுதான் உன் அண்ணியிடம் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

அப்படிப்பட்டவள் என்னை வரையச் சொல்கிறாய். என்ன ஆயிற்று? பட்டறையில் ஏதாவது தகராறா? கூடத்தம்மா ஏதாவது சொன்னாரா? பத்தாவது படம் எந்த அளவில் இருக்கிறது?

எனக்குத் தெரிந்த நிறம் வெள்ளை மட்டும். டாக்டர் அறையில் பல் நிற அட்டை ஒன்று தொங்கும், அதில் பதினாறு வெள்ளை. டீ குடிக்கிறவர் வெள்ளை, சிகரெட் பிடிக்கிறவர் வெள்ளை, பல்லே தேய்க்காதவர் வெள்ளை. ஈறுக்கு மூன்று ரோஸ். அவ்வளவுதான் என் கலை. ஆரஞ்சு நிறத்தில் யாருக்கும் பல் செட் செய்ததில்லை.

கேட்டதற்குப் பதில் போடு.

அண்ணன்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். பேனா சரியில்லை, அதனால் எழுத்து அப்படி.

சாயத்தில் கறுப்பு சேர்க்காதே. நிழலுக்கு நீலம் போடு. விரிப்பின் நீலம் நீ வரையும் பழத்தின் அடியில் கொஞ்சம் ஏற வேண்டும். வெளிச்சம் ஜன்னல் பக்கத்திலிருந்து, இடது மேலே. அங்கே ஒரு பொட்டு வெள்ளை. பதினாறில் எது என்று நீயே முடிவு செய்.

உன் கடிதம் கிடைத்த அன்று நன்றாகச் சாப்பிட்டேன். நிறைய எழுது.

தங்கை

மே 2

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் நலம். வேலை முடிந்தது.

பல் அச்சு எடுக்கும் மாவைக் குழைத்துத் துளையை அடைத்தேன். காய்ந்ததும் பல் தேய்க்கும் சக்கரத்தால் இழைத்தேன், கன்னம் மாதிரி ஆகிவிட்டது. பிறகு சாயம் வாங்கினேன். மாதிரிக்கு ஒரு ஆரஞ்சு வாங்கி, உன்னைப் போலவே ஜன்னலோரம் தட்டில் வைத்து, முறைத்துப் பார்த்து வரைந்தேன். முதல் நாள் வந்தது உருளைக்கிழங்கு. துடைத்துவிட்டேன். இரண்டாம் நாள் வந்தது கோபமான ஒரு தக்காளி. மாதிரிப் பழங்கள் வேறு ஒவ்வொரு நாளும் சாயங்காலத்துக்குள் எப்படியோ காணாமல் போயின. ஏழு நாள், ஏழு பழம். ஏழாம் நாள்தான் நீ சொன்ன நீலம் பழத்தின் அடியில் ஏறியது. அட, பழம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். இத்தனை வருடம் நீ இதைத்தான் செய்துகொண்டிருந்தாயா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

நடுவில் ஓர் அசம்பாவிதம். கையைச் சரியாகக் கழுவாமல் வேலைக்குப் போய்விட்டேன். "என்னங்க இது, இந்தம்மாவுக்கு ஈறு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். மறுபடி செய்துகொடுத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடைசி இரண்டு கடிதங்களும் சாப்பாட்டு மேஜையில் கிடந்தன. உன் அண்ணி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் அவற்றையும் எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள், பழக்க தோஷம். திடீரென்று, "இங்க பாருங்க, ஒவ்வொரு வரியும் வலப்பக்கமா ஈஷியிருக்கு. எழுதின கையே எழுத்து மேல ஏறிப் போயிருக்கு. என் கிளாஸ்ல இடதுகைப் பிள்ளைங்க நோட்டு இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

ஆரஞ்சு விஷயத்தில் அவளை நான் நம்பவில்லை. இதில் நம்புகிறேன்.

உன் வலது கை எங்கே?

அண்ணன்

மே 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்கு முதலில் ஒரு வணக்கம்.

ஜனவரி கடைசியில், உன் இரண்டாவது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையில் நடந்தேன். சாயத்தொட்டி வழிந்து தரையெல்லாம் பச்சைத் தண்ணீர். வலது மணிக்கட்டை ஊன்றி விழுந்தேன். எலும்பு மூன்று துண்டு. தகடு வைத்தார்கள். ஏழு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. தூரிகையைப் பிடித்தால் இரண்டு நிமிடம். பிறகு அது தானாகக் கீழே விழுகிறது. நான் விட்டது தெரியாமலே விழுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு வருடம் ஆகலாம் என்கிறார்கள். 'ஆகலாம்' என்று சொல்லும்போது அந்த டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

பட்டறையில் லீவு போட்டிருக்கிறேன். பத்தாவது படம் தொடங்கவே இல்லை. கூடத்தம்மாவுக்கு 'சுவரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்' என்று எழுதிவிட்டேன். இந்தக் கையால்தான். ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். பத்து நாளாக ஜாடிக்கு அடியில் கிடக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ 'கவலைப்படாதே' என்று எழுதுவாய். உருளைக்கிழங்கையும் கோபமான தக்காளியையும் பற்றி எழுத மாட்டாய்.

தங்கை

மே 17

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணி அழுதாள். நான் அழவில்லை. கண்ணில் பல் மாவு விழுந்துவிட்டது.

கவலைப்படாதே என்று எழுத மாட்டேன், போ.

ஒன்று மட்டும் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். பல் செட் மாட்டிக்கொண்ட முதல் நாள் எல்லோரும் ஒரே வசனம் பேசுவார்கள்: "இது என் பல்லு இல்ல." வாயில் யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். பேசினால் விசில் வரும். கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு என்னைத் திட்டுவார்கள். மூன்று வாரம் கழித்து வந்து மிடுக்காக ஒரு பிஸ்கெட்டைக் கடித்துக் காட்டுவார்கள். நான் பல்லை மாற்றியிருக்க மாட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் இதற்கு விலக்கு இரண்டே பேர். ஒருவர் செட்டைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

உன் இடது கை நாலு மாதமாகச் சும்மா இல்லை. எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறது, கூடத்தம்மாவுக்கு எழுதியிருக்கிறது, பொய்கூட எழுதியிருக்கிறது. பேனா சரியில்லை என்று. பொய் எழுதத் தெரிந்த கைக்கு ஒரு ஜாடி வராதா? பல் டாக்டர் வீட்டுப் பின்னறைக்காரன் நல்ல வலது கையால் ஏழு நாளில் ஒரு ஆரஞ்சு போட்டிருக்கிறான். உன் கெட்ட இடது கை அதைவிட மோசமாகப் போட்டால் எனக்கு எழுது, நான் சந்தோஷப்படுகிறேன்.

பலகையை இன்று அனுப்புகிறேன். ஜாடிக்கு அடியில் இருக்கும் தபாலைக் கூடத்தம்மாவுக்கு அனுப்பாதே. ஸ்டாம்பும் வீணாகக்கூடாது. அவர் முகவரியை அடித்துவிட்டு என் முகவரி எழுதிப் போடு. உன் அண்ணி திருத்தி மார்க் போடுவாள்.

அண்ணன்

ஜூலை 8

அன்புள்ள அண்ணாவுக்கு, அண்ணிக்கு,

நலம். இந்த வார்த்தையை இந்த வருடத்தில் முதல் தடவையாகப் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

இதோடு ஜாடிக்கு அடியில் இருந்த தபால். முகவரியை அடித்துவிட்டேன். அண்ணி, மார்க் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள்.

முதல் மூன்று வாரம் டம்ளரில் கழற்றிப் போடலாம் என்றுதான் இருந்தது. கட்டம் போட்ட விரிப்பை வரைந்தால் கோடெல்லாம் கோணல், ஏதோ ஜன்னல் திறந்து காற்று அடிக்கிற மாதிரி. ஒருநாள் கோபத்தில் சுவருக்கு வெள்ளையடிக்கும் அகலத் தூரிகையை எடுத்தேன். பிறகு சின்னத் தூரிகையைத் தொடவே இல்லை. மஞ்சள் பூக்கள், சிவப்பு ஜாடி, அந்தக் காற்றடிக்கும் விரிப்பு. இடது கைக்குப் பொறுமை கிடையாது. விரிப்பின் பாதியில் 'போதும்' என்று நின்றுவிட்டது. அந்தப் பாதி வெறும் வெள்ளை. நான் ஒன்றும் போடாமல் விட்டுவிட்டேன். நானேதான், அண்ணா.

நேற்று கூடத்தம்மா வந்தார். பழைய எட்டையும் பார்த்தார். புதியதற்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"இது எந்தக் கையால போட்டது?" என்றார்.

"இடது."

"அப்ப வலது கையைக் கொஞ்ச நாள் கட்டியே வெச்சிருங்க."

பத்து. சுவர் எனக்குத்தான்.

பலகையும் பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் ஆரஞ்சைப் பார்த்தேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

உன் சாயக்காரி

ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் முழங்கால் பயணத்துக்கு ஒப்பவில்லை என்று அண்ணி போனில் சொன்னார். முழங்கால் நலம் பெறட்டும். நீ வராததால் கெட்டது ஒன்றுமில்லை, உன் ஆரஞ்சு வந்திருந்தது.

கண்காட்சி நேற்று முடிந்தது. முதல் நாள் பதினாறு பேர். உன் பல் நிற அட்டை ஞாபகம் வந்தது. நாலாம் நாள் கதவருகே வரிசை. என்னோடு படித்தவர்கள் இருவர் வந்து, இடது கைப் படத்துக்கு முன்னால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். மேஜைவிரிப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் படத்தைக் கூடத்தம்மாவே வைத்துக்கொள்ளக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அடுத்த வருடமும் ஒரு சுவர் தருகிறார். வலது கை இப்போது ஐந்து நிமிடம் பிடிக்கிறது. அதை ரொம்ப அவசரப்படுத்தப் போவதில்லை.

உன் கதவுக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் தினமும் வந்து நின்றார். "இந்தப் படத்துல அந்த ஆரஞ்சுதான்மா உயிர். உங்க கை ரொம்பச் சந்தோஷமா இருந்தப்ப போட்டிருக்கீங்க" என்றார். நான் 'ம்' என்று சொன்னேன்.

அண்ணிக்கு என் அன்பும் இந்தப் பூ வரைந்த அட்டையும். இடது கைப் பூ.

உன் தங்கை

பி.கு.: உன் முதல் கடிதத்தில் ஒரு வரிக்காக மூன்றாவது முறை படித்தேன் என்றேனே. 'தட்டில் இருக்கும் ஆரஞ்சுப் பழம்' என்ற வரி. கை உடைந்து கிடந்த நாட்களில் சிரிப்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது. அதனால்தான் அப்புறமும் சொல்லாமலே வைத்திருந்தேன். படத்தை மாட்டக் கொக்கி போடும்போது கூடத்தம்மா பின்பக்கத்துக் காக்கி அட்டையைப் பிரித்தார். அடியில், பதினோரு வருடத்துக்கு முந்தைய என் வலது கைப் பென்சில் எழுத்தில் படத்தின் பெயர் இருந்தது. சத்தமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்: 'அண்ணன் ஆரஞ்சைத் தின்றுவிட்ட பிறகு, காலித் தட்டு.'